ஃபயர் ஐலண்டில் எந்த ஊரில் இறங்குவது?

ஃபயர் ஐலண்டுக்குப் போகப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "எந்த ஊருக்கு?" என்பதுதான். பெரும்பாலும் விழிப்பார்கள். தீவு ஒன்றுதானே, இறங்கினால் சுற்றிப் பார்த்துவிடலாமே என்று நினைத்திருப்பார்கள். ஏழு வருடங்களுக்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன். ஒரே படகுத்துறையில் இறங்கி, ஒரே கடற்கரையில் நாள் முழுக்கக் குப்புறப் படுத்து, முதுகு கன்றித் திரும்பி வந்தேன். தீவைப் பார்த்ததாகவும் சொல்லிக்கொண்டேன்.

நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டின் தெற்குக் கரைக்கு முன்னால், கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதுபோல் நீளமாகக் கிடக்கும் மணல் திட்டுதான் ஃபயர் ஐலண்ட். நீளம் சுமார் 50 கிலோமீட்டர். அகலம் பல இடங்களில் அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு பக்கம் அட்லாண்டிக். மறு பக்கம் கிரேட் சவுத் பே என்கிற ஆழமில்லாத காயல். நடுவில் 17 குடியிருப்புகள். இந்த ஊர்களை இணைக்க சாலை கிடையாது. ஒவ்வொரு ஊரும் தன் படகுத்துறையைப் பார்த்தே வளர்ந்திருக்கிறது. பக்கத்து ஊர்க்காரர் யார் என்பதைவிட எந்தப் படகில் யார் வருகிறார்கள் என்பதுதான் அந்தந்த ஊரின் குணத்தைத் தீர்மானித்திருக்கிறது. அதனால்தான் பத்து நிமிட நடையில் ஊரே மாறிவிடுகிறது. ஒரே நாளில் மூன்று, நான்கு ஊர்களைப் பார்க்கிற மாதிரி போக வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

சாலை இல்லாதது தற்செயல் அல்ல. நியூயார்க்கின் பாதி நெடுஞ்சாலைகளுக்குப் பின்னால் இருந்த ராபர்ட் மோசஸ் இங்கேயும் தீவு நெடுக ஒரு சாலை போடப் பார்த்தார். 1962 மார்ச்சில் பெரும்புயல் கரையை அரித்துவிட்டுப் போனதும், மணல்மேட்டைக் காப்பாற்ற சாலைதான் வழி என்றார். ஊர்க்காரர்கள் எதிர்த்து எழுந்தார்கள். அவர்களை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவர் மாரிஸ் பார்பாஷ். அவரே வீட்டுமனை போட்டு விற்றவர், தீவில் டியூன்வுட் என்ற குடியிருப்பைக் கட்டியவர் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். 1964-ல் தீவு தேசியக் கடற்கரையாக அறிவிக்கப்பட்டது. சாலைத் திட்டம் அத்தோடு செத்தது. மோசஸ் பெயர் மட்டும் மேற்கு முனையில் உள்ள பூங்காவுக்கும் அங்கே போகிற பாலத்துக்கும் இருக்கிறது. அந்த முனை வரைக்கும் கார் போகும். கிழக்கே ஸ்மித் பாயிண்ட் முனைக்கும் போகும். இடையில் போகாது.

சரி, எப்படிப் போவது?

படகுகள் லாங் ஐலண்ட் கரையிலுள்ள மூன்று ஊர்களிலிருந்து கிளம்புகின்றன. பே ஷோரில் ஏறினால் தீவின் மேற்குப் பாதி: கிஸ்மெட், சால்ட்டேர், ஃபேர் ஹார்பர், ஓஷன் பீச், ஓஷன் பே பார்க். சேவில் படகு நடுப்பகுதிக்கு: செய்லர்ஸ் ஹேவன், செரி க்ரோவ், பைன்ஸ். பேட்சோக்கிலிருந்து கிழக்கே டேவிஸ் பார்க், வாட்ச் ஹில். எந்தப் படகானாலும் பயணம் சுமார் அரை மணி நேரம்தான். மேல்தட்டில் உட்காருங்கள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் நான் ஒரு பெரிய தப்புச் செய்தேன். இரண்டாவது முறை போனபோது காரை பே ஷோரில் நிறுத்திவிட்டு ஓஷன் பீச் படகில் ஏறினேன். அங்கிருந்து கடற்கரையோரமாகவே நடந்து நடந்து செரி க்ரோவ் வரைக்கும் போய்விட்டேன். மாலையில் எதிரில் நின்ற படகில் குஷியாக ஏறி உட்கார்ந்து, சேவிலில் இறங்கிய பிறகுதான் கார் சாவி ஞாபகம் வந்தது. கார் நாலு ஸ்டேஷன் தள்ளி நிற்கிறது. அடுத்த ரயில் வர நெடுநேரம் ஆகும். டாக்ஸிக்குக் கொடுத்த பணத்தில் இன்னொரு தடவை தீவுக்கே போய் வந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு நான் காரில் போவதே இல்லை. நியூயார்க் பென் ஸ்டேஷனிலோ குவீன்ஸில் உள்ள ஜமைக்கா ஸ்டேஷனிலோ ரயில் ஏறுங்கள். பெரும்பாலும் பாபிலோனில் வண்டி மாற வேண்டியிருக்கும். பே ஷோர், சேவில், பேட்சோக் மூன்றும் அதே தடத்தில்தான் வரிசையாக வருகின்றன. ஸ்டேஷனிலிருந்து படகுத்துறைக்குப் போக, ரயில் வரும் நேரத்துக்கு வேன்களும் டாக்ஸிகளும் வாசலில் நிற்கும். ரயிலில் போவதால் ஒரு துறையில் போய் வேறு துறையில் திரும்பலாம். என் திட்டமே இதை நம்பித்தான் இருக்கிறது. படகுக்கு இரண்டு பக்கமும் ஒருவழி டிக்கெட் மட்டும் வாங்குங்கள். போகவர வாங்கினால் திரும்புகிற பாதி வீண்.

போன வருடம் என் மாமியார் செஞ்சிப் பக்கத்திலிருந்து மூன்று மாதம் வந்திருந்தார். வயது 72. ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில், கோயில் கேண்டீன் தோசை, எங்கள் வீட்டு பால்கனி, இந்த மூன்றும் அவருக்கு அலுத்துப்போன ஒரு புதன்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்குப் போன வழியைத்தான் முதல் தடவை போகிறவர்களுக்கு இப்போது சொல்கிறேன். முட்டி வலி எனக்குத்தான் இருக்கிறது, அத்தைக்கு இல்லை.

வார நாள் என்பது முக்கியம். ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் படகுக்கு நிற்கிற வரிசையைப் பார்த்தால் தீர்த்தவாரிக்கு வந்த கூட்டம் மாதிரி இருக்கும். முடிந்தால் செப்டம்பர் முதல் பாதியில் போங்கள். தண்ணீர் அப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டம் வடிந்திருக்கும். படகு எண்ணிக்கையும் அப்போது குறையும் என்பதால் கடைசிப் படகு நேரத்தை முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் பே ஷோரிலிருந்து ஓஷன் பீச். தீவின் டவுன் என்றால் இதுதான். கடைகள், ஐஸ்கிரீம், பேக்கரி, பார்கள் எல்லாம் துறையிலிருந்து நாலடியில். இறங்கியதும் கண்ணில் படுவது சங்கிலி போட்டுப் பூட்டிய சிவப்பு இழுவண்டிகள், வரிசை வரிசையாக. நம் ஊர் சைக்கிள் ஸ்டாண்டு மாதிரி. காய்கறி, குழந்தை, நாய், பீர்ப் பெட்டி என எல்லாமே அதில்தான் வீடு போய்ச் சேர்கிறது. அத்தை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "காரு இல்லன்னாங்க, வண்டி இல்லன்னு சொல்லலியே" என்றார்.

ஓஷன் பீச்சுக்கு 'கூடாது என்கிற ஊர்' என்று ஒரு பட்டப்பெயர் பல காலமாக உண்டு. அது கூடாது, இது கூடாது என்று அவ்வளவு விதிகள். நடைபாதையில் தின்பதற்குக்கூடத் தடை போட்ட ஊர். கோடை நாட்களில் பகலில் சைக்கிளுக்கும் கெடுபிடி உண்டு. விதிகள் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும், அதனால் துறையில் இருக்கும் அறிவிப்புப் பலகையை முழுசாகப் படித்துவிட்டு நகருங்கள். நான் படிக்காமல் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தேன். எதிரே வந்த ஒரு பெரியம்மா சிரித்துக்கொண்டே பலகையைக் கைகாட்டினார். பொட்டலம் பைக்குள் போனது. எரிச்சலாக இருந்தாலும் ஒன்று ஒப்புக்கொள்கிறேன்: அவ்வளவு கூட்டம் வந்து போகிற ஊரில் ஒரு காகிதம் தரையில் கிடக்கவில்லை. புளிசாதத்தை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அங்கே ஒரு காபி குடித்துவிட்டுக் கிழக்கே நடங்கள். ஐந்து நிமிடத்தில் சீவ்யூ. சத்தம் சட்டென்று அடங்கிவிடும். குழந்தைகள், பாட்டிகள், வாசலில் ஈரத்துண்டு. யூதக் குடும்பங்கள் அதிகம், தீவின் யூத ஆலயமும் இங்கேதான் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் போனால் ஓஷன் பே பார்க். மறுபடி சத்தம். பத்துப் பேர், பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து, வாரம் மாற்றி வாரம் பங்கு போட்டுக்கொண்டு தங்குகிற இளவட்டங்கள் நிறைய. அரைப் பங்கு, கால் பங்கு என்று பேரம் பேசுவார்கள். பகல் பன்னிரண்டுக்கே ராக்கெட் ஃப்யூல் கையில் இருக்கும். அன்னாசியும் தேங்காயும் கலந்து, மேலே ரம்மையும் பாதாம் மதுவையும் ஊற்றுகிற பானம். இனிப்பாக இருக்கிறதே என்று இரண்டு குடித்தால் பெயர் ஏன் வந்தது என்று புரியும். நடக்க வேண்டிய நாளில் வேண்டாம்.

ஓஷன் பே பார்க்கின் கிழக்கு எல்லையில் வழி முடிந்துவிடும். குறுக்கே ஒரு வேலி. அந்தப் பக்கம் பாயிண்ட் ஓ வுட்ஸ். 1894-ல் கோடைகாலச் சொற்பொழிவு, பிரசங்கம், பாட்டு என்று சட்டாகுவா கூட்டங்களுக்காகத் தொடங்கிய இடம். பிறகு உறுப்பினர்கள் மட்டும் வாழ்கிற சங்கமாகிவிட்டது. நிலம் சங்கத்துக்குச் சொந்தம். படகுகூடத் தனி. நானும் நீங்களும் அதில் ஏற முடியாது. கார் போகாத, கதவுகூடப் பூட்டாத தீவில் ஊருக்கே ஒரு வேலி. அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். பழைய மரவீடுகள், புல்வெளி, ஆள் நடமாட்டமே இல்லை. "உள்ள என்னம்மா வச்சிருக்காங்க?" "ஒண்ணும் இல்ல அத்தை, வீடுங்கதான்." "வீட்டுக்கா இம்மாம் பெரிய வேலி?"

வேலியோடு மல்லுக்கட்ட வேண்டாம். கடல் பக்கப் படியில் இறங்கி மணலில் நடந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். கடற்கரை வழியாக அந்த ஊரைத் தாண்டிவிடலாம். மணல்மேட்டில் மட்டும் எங்கேயும் கால் வைக்காதீர்கள், போட்டிருக்கிற படிகளில்தான் ஏறி இறங்க வேண்டும். மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் புல்தான். ஈர மணலில் நடப்பது சுலபம், எனவே அலை வற்றுகிற நேரத்தைப் பார்த்து வையுங்கள். இந்தக் கரைக்கு அருகில்தான் 1850 ஜூலையில் எலிசபெத் என்ற கப்பல் தரைதட்டி உடைந்து எழுத்தாளர் மார்கரெட் ஃபுல்லர், கணவர், குழந்தையோடு இறந்தார். கரையிலிருந்து பார்க்கிற தூரத்தில்தான் கப்பல் கிடந்ததாம். அவருடைய கையெழுத்துப் பிரதி ஏதாவது ஒதுங்கியிருக்குமா என்று எழுத்தாளர் தோரோ இங்கே வந்து தேடினார். அலையைப் பார்த்தால் சாதுவாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே இழுக்கும். நீச்சல் காவலர் இருக்கிற இடத்தில் மட்டும் குளியுங்கள்.

அடுத்தது செய்லர்ஸ் ஹேவன். இது ஊர் இல்லை, தேசியக் கடற்கரையின் துறை. கழிவறை, குடிநீர், உட்கார மேஜை எல்லாம் உண்டு. புளிசாதத்தை இங்கே பிரியுங்கள். எல்லா ஊர்களிலும் பொதுக் கழிவறை கிடையாது என்பதால் இந்த இடத்தை வரைபடத்தில் பெரிதாகக் குறித்துக்கொள்ளுங்கள். மான் ஒன்று பக்கத்தில் வந்து நிற்கும். கொடுக்காதீர்கள், தொடாதீர்கள். அதன்மேல் இருக்கிற உண்ணி நம்மைக் கடித்தால் லைம் நோய் வரலாம். புதருக்குள் போகாதீர்கள், மூன்று இலையாகப் பளபளப்பது பாய்சன் ஐவி, தொட்டால் அரித்துத் தடித்துவிடும். மாலையில் வீடு திரும்பியதும் முட்டிக்குப் பின்னால், காதோரம், இடுப்பு என்று உண்ணி தேடுவது எங்கள் வீட்டில் கட்டாயம்.

துறைக்குப் பக்கத்திலேயே சன்கன் ஃபாரஸ்ட். பெயர் மூழ்கிய காடு என்றாலும் எதுவும் மூழ்கவில்லை. மணல்மேட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் இருப்பதால் அப்படிச் சொல்கிறார்கள். ஹாலி மரங்கள், சிலவற்றுக்கு இருநூறு, முந்நூறு வயது. ஆனால் ஒன்றுகூட மணல்மேட்டைவிட உயரமாக வளரவில்லை. மேட்டுக்கு மேலே தலை நீட்டுகிற தளிரை உப்புக்காற்று கருக்கிவிடும். அதனால் மேலிருந்து பார்த்தால் கத்தரிக்கோலால் சீராக வெட்டின மாதிரி இருக்கும். மேலே போக முடியாத மரம் பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு போகிறது. சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் பலகைப் பாதை. உள்ளே போனதும் கடல் சத்தம் சட்டென்று குறைந்துவிடும், வெயிலும் தெரியாது. தீவில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைச் சொல்வேன். அவசரப்படாமல் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அங்கிருந்து கிழக்கே அரை மணி நேரம் நடந்தால் செரி க்ரோவ். இதைப்பற்றி முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. 1930-களிலிருந்தே நியூயார்க் நாடகக்காரர்கள் வந்து தங்கிய ஊர். தன்பாலீர்ப்பாளர்கள் ஒளிந்து வாழ வேண்டியிருந்த காலத்தில் அவர்கள் கையைக் கோத்துக்கொண்டு நடக்க முடிந்த, அமெரிக்காவில் அபூர்வமான இடங்களில் ஒன்று. இங்குள்ள சமூகக்கூடமும் நாடக அரங்கும் 2013-ல் தேசிய வரலாற்றுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தன. குறுகலான பலகைப் பாதைகள், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கேலியான ஒரு பெயர்ப்பலகை. கடற்கரையின் சில பகுதிகளில் உடை இல்லாமல் படுத்திருப்பவர்கள் கண்ணில் படலாம். கூட வருகிற பெரியவர்களிடம் படகிலேயே சொல்லிவிடுங்கள். யாரையும் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களாக இல்லாமல் விருந்துக்கு வந்தவர்களாக நடந்துகொண்டால், தீவிலேயே இவ்வளவு அன்பான ஊர் கிடையாது.

எனக்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது, அத்தை என்ன சொல்வாரோ என்று. துறைக்குப் பக்கத்தில் ஆறடி உயரம், அதற்கு மேல் ஒரு அடி பொன்னிறக் கொண்டை, சரிகை உடையில், பெண் வேடம் போடும் ஒரு ட்ராக் கலைஞர் நிகழ்ச்சிக்குக் கிளம்பி வந்துகொண்டிருந்தார். அத்தையின் சுங்குடிப் புடவையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். குனிந்து முந்தானையைத் தொட்டுப் பார்த்து, கையால் செய்ததா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அத்தை அவரை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார். அப்புறம் என்னிடம், "நம்ம ஊரு கூத்துல பாஞ்சாலி கட்டுறவரு மாதிரியே இருக்காரு. ஆனா அவருக்கு இவ்வளவு நல்லா புருவம் எழுத வராது" என்றார். நான் அப்படியே சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கொண்டை ஆடியது. திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவருக்கு நான் எதற்கு முன்னுரை சொல்லிக்கொண்டிருந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

பக்கத்து ஊர் பைன்ஸ். கடற்கரை வழியாக இருபது நிமிடம். அதுவும் தன்பாலீர்ப்பாளர் ஊர்தான், ஆனால் பணக்கார ஊர். நீச்சல்குளம், கட்டுமஸ்தான உடம்பு, கட்டடக்கலை. 1960-களில் கட்டடக்கலைஞர் ஹொரேஸ் கிஃபோர்ட் வடிவமைத்த தேவதாரு மர, கண்ணாடி வீடுகள் மரங்களுக்கிடையில் ஒளிந்திருக்கும். வீடு பார்க்கப் பிடிக்கும் என்றால் பலகைப் பாதைகளில் மெதுவாக நடங்கள். இந்த இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு பழைய கணக்கு உண்டு. 1976-ல் செரி க்ரோவைச் சேர்ந்த டெரி வாரன் பெண் உடையில் பைன்ஸுக்குப் போனபோது ஒரு உணவகத்தில் அவருக்குப் பரிமாற மறுத்துவிட்டார்கள். விஷயம் ஊருக்குத் தெரிந்தது. ஜூலை 4 அன்று ஒரு சிறு கூட்டம் அலங்காரம் செய்துகொண்டு படகேறிப் போய் பைன்ஸ் துறையில் இறங்கியது. சண்டை எதிர்பார்த்துப் போனவர்களுக்குக் கிடைத்தது கைதட்டல். இன்றைக்கும் ஒவ்வொரு ஜூலை 4-லும் படகு நிறையப் பேர் அப்படிப் போகிறார்கள். அதைப் பார்க்க வேண்டும் என்றால் காலையிலேயே போய் பைன்ஸ் துறையில் இடம் பிடியுங்கள். நிற்க இடம் இருக்காது.

பைன்ஸ் கடற்கரையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வரும். 1966 ஜூலையில் கவிஞர் ஃப்ராங்க் ஒ'ஹாரா இந்த மணலில்தான் இரவில் ஜீப் ஒன்று மோதி அடிபட்டு மறுநாள் இறந்தார். கார் இல்லாத தீவில்! போலீஸ், தீயணைப்பு, கட்டுமான வேலை வண்டிகள் மணலில் இன்றும் ஓடுகின்றன. இருட்டிய பிறகு கடற்கரையில் நடந்தால் கையில் விளக்கு இருக்கட்டும்.

நடக்க முடியாதவர்களுக்கு வாட்டர் டாக்ஸி உண்டு. ஊருக்கு ஊர் காயல் பக்கமாகக் கொண்டுபோய் விடும். தூரத்தைப் பொறுத்துக் காசு, மலிவில்லை. தங்குவதற்கு விடுதிகள் மிகக் குறைவு, விலையும் எட்டாது. நான் ஒரு தடவைகூடத் தங்கியதில்லை.

இரண்டாவது தடவை போகிறவர்கள் மேற்கு முனையைப் பாருங்கள். ராபர்ட் மோசஸ் பூங்காவின் ஐந்தாம் வாகன நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டு நடந்தால் 1858-ல் கட்டிய கலங்கரை விளக்கம், 168 அடி, கறுப்பு வெள்ளைப் பட்டை. இன்னும் நடந்தால் கிஸ்மெட். அதற்கடுத்த சால்ட்டேரில் வெளியாருக்கென்று கிட்டத்தட்ட எதுவும் இல்லை, அழகான ஊர், பார்த்துக்கொண்டே கடந்து போங்கள். கிழக்கே வாட்ச் ஹில்லில் கூடாரம் போட இடம் உண்டு. அதைத் தாண்டினால் 11 கிலோமீட்டருக்கு வீடே கிடையாது. நியூயார்க் மாநிலத்தில் மத்திய அரசு வனாந்தரமாக அறிவித்த ஒரே இடம் அது. கொசு விரட்டி இல்லாமல் அந்தப் பக்கம் போவது வீரம் அல்ல.

அன்றைக்கு நாங்கள் பைன்ஸ் வரை போகவில்லை. என் முட்டி செரி க்ரோவிலேயே நின்றுவிட்டது. மாலைப் படகில் சேவில் வந்து, ரயில் ஏறி, செருப்பிலிருந்த மணலை ஜன்னலோரம் தட்டிக்கொண்டிருந்தேன். அத்தை வாட்ஸப்பில் தங்கச்சியைக் கூப்பிட்டார். அங்கே விடிகாலை.

"இன்னைக்கு ஒரே நாள்ல நாலு ஊரு பார்த்தேன்டி."

"கார்லயாக்கா?"

"காரு ஏது, நடந்துதான். ஒரு ஊருல திங்கக் கூடாதாம். ஒரு ஊருல உள்ளயே வரக் கூடாதாம். கடைசி ஊருல என் பொடவையக் குடுக்குறியான்னு கேட்டாங்க."

புடவையை யாரும் கேட்கவில்லை. நான் திருத்தவும் இல்லை.